கணக்குத் தண்ணீர்

பந்தயத்துக்கு ஆறு நாள்.
இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது
என்கிறது அட்டவணை.
ஓய்வு எடு என்றும் எழுதியிருக்கிறது,
யாரை நினைத்து எழுதினார்களோ.
நாலே முக்கால் அலாரத்துக்கு முன்னாலேயே
கால் விழித்துக்கொண்டு
போர்வைக்குள் பெடல் மிதிக்கிறது.

ஓடிய எட்டு மாதமும் சும்மா இருந்த உடம்பு
ஓயச் சொன்னதும் புகார் எழுதுகிறது:
இடது முட்டிக்குக் கீழே ஏதோ,
தொண்டையில் ஏதோ,
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே
லாரிக்கு ஒதுங்கி ஏப்ரலில் விழுந்த தோள்
அப்போது வலிக்காததை
இப்போது வலித்துக் காட்டுகிறது.

நீந்திப் பழகியது பிரம்மபுரத்துக் கிணற்றில்.
மோட்டார் கொட்டகை ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு
பதினோரு கை போட்டால் சுவர்.
திரும்பு.
பதினோரு கை. சுவர்.
நூற்று முப்பத்தாறு சுவர் சேர்ந்தால் போட்டித் தூரம்.
கோவாக் கடலில் சுவர் கிடையாது.
ஊசி போடும்போதும் இதையேதான்
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காலை ஷிஃப்ட், டயாலிசிஸ் வார்டு.
ஏழாம் நாற்காலி இம்தியாஸ்,
மேல்விஷாரம், ஷூ கம்பெனியில் கட்டிங்.
எடை பார்த்தேன்: இரண்டு கிலோ எண்ணூறு கூடுதல்.
முறைத்தேன்.
"மருமவளுக்கு நிச்சயதார்த்தம் சிஸ்டர்,
ஒரு சர்பத்து. ஒண்ணுதான்."
நாளைக்கு முக்கால் லிட்டர் அவருக்கு,
டீ, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு
எல்லாம் அதற்குள்.

"சைக்கிள்ல போறப்ப நீங்க எவ்ளோ குடிப்பீங்க?"
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:
மணிக்கு எழுநூற்றைம்பது.

குழாயில் அவர் ரத்தம் போய்க்கொண்டிருந்தது,
வந்துகொண்டிருந்தது.
"என் ஒரு நாள ஒரு மணி நேரத்துல குடிச்சிடுவீங்க"
என்று சிரித்தார், பிறகு மெதுவாக,
"உப்பும் உண்டா அதுல?"
உண்டு.
"நெறயவா?"
மூன்றாம் நாற்காலி மெஷின் கத்தியது.
நல்ல வேளை, ஓடினேன்.

சைக்கிளைப் பெட்டியில் அடைக்க வேண்டும்.
இடது பெடல் எதிர்ப்பக்கமாகத்தான் கழலும்,
பலம் காட்டாதே என்று
சத்துவாச்சாரி ஏழுமலை முன்பே சொல்லியிருந்தார்.
காட்டினேன். விரல் முட்டி உரிந்தது.
ஃபிரிட்ஜ் கடை அட்டைப்பெட்டி மூடாமல் விரிய
தனஞ்செழியன் அதன்மேல் ஏறி உட்கார்ந்து
டேப் ஒட்டினார்.
ஹெல்மெட் உள்பக்கம் மார்க்கர் பேனாவால்
தன் நம்பரை எழுதினார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
ஏழைத் திருத்தி மறுபடி எழுதினார்.

வெள்ளைச் சோறு, தயிர், வாழைப்பழம்.
கீரை வேண்டாம், பயறு வேண்டாம்,
பக்கத்து வீட்டிலிருந்து வந்த பிரியாணி
கண்டிப்பாக வேண்டாம்.
காய்ச்சல்காரி சாப்பாட்டை
நாலு வேளை சாப்பிட்டுவிட்டு
உப்பு மாத்திரைகளைச் சின்ன டப்பாவில் எண்ணிப் போட்டேன்.
பதினெட்டு.
மூடியைத் திறந்து மறுபடி எண்ணினேன்.

புதன் இரவு பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது.
காட்பாடி போகும் ஆட்டோ பாலத்தின் நடுவில் நின்றது.
முன்னால் முழுக்க வண்டிகள்,
ஸ்டாண்டு போட்டுவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்த ஜனங்கள்,
அப்பன் தோளில் அரைத்தூக்கத்தில் ஒரு பையன்.
நானும் இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன்.

செம்மண் நிறத்தில் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது.
பதினோரு கை எண்ணிப் பார்த்தேன் கண்ணால்.
நடுவில் ஒரு முள்மரத்தின் தலைக்குக்கூட
எட்டவில்லை.
வயிற்றில் ஏதோ புரண்டது.
பயம்தான். வேறென்ன.

போன் அதிர்ந்தது. இம்தியாஸ்.
"ஆத்துல தண்ணி வந்துடுச்சாமே, பாத்தீங்களா சிஸ்டர்?"

படம் எடுத்தேன்.
அவ்வளவு தண்ணீரை அவருக்கு அனுப்பலாமா என்று
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு.
எழுதுகிறார், நிறுத்துகிறார், எழுதுகிறார்.

"எத்தன எம்எல் இருக்கும்?"

பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்,
ரயிலுக்கு நாற்பது நிமிஷம்,
நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.