பதினேழு பங்கு

கல்லுக்கட்டிக்குப் பின்தெரு.
ஒரு வளவு, அதைச் சுற்றி நான்கு அறை.
வாடகை பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
அது மாதாமாதம்
பதினேழு பங்காளிகளுக்குப் பிரிந்து போகும்:
கோலாலம்பூருக்கு இரண்டு, கோவைக்கு ஐந்து,
ஒரு பங்கு கோர்ட்டில்,
மிச்சம் எங்கெங்கோ.
உடைந்த ஓட்டை மாற்ற மட்டும்
எவர் பங்கிலும் பணமில்லை.

நாங்கள் பதினொரு பேர்.
பலசரக்குக் கடைகளுக்குப் பற்று வரவு பார்க்கும் செயலி.
முதல் வாரமே பெயிண்டர் ஆவுடையப்பனுக்குத்
தொள்ளாயிரம் கொடுத்துச் சுவரில் எழுதவைத்தேன்:
'இங்கே தவறு செய்யலாம்.'
நீல எழுத்து. நிழல் விட்டு எழுதினார்.
பணம் போட வந்தவர்கள்
அதன் முன் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அந்தச் செவ்வாய்.
பர்வீன் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டாள்.
இரவோடு இரவாக இருநூற்றுப் பன்னிரண்டு கடைகளில்
கடன் வாங்கியவரெல்லாம் கடன் கொடுத்தவர் ஆனார்கள்.
பள்ளத்தூரில் ஒருவர் காலையிலேயே வந்து
'நாலாயிரத்து அறுநூறு தரணுமாமே எனக்கு' என்று
செல்போனை நீட்டினாராம்.
கடைக்காரர் என்னிடம் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத முடியாது.
அதையே கொஞ்சம் சலித்து எடுத்து
பர்வீனிடம் சொன்னேன்,
ஒன்பது பேர் பார்க்க,
அந்தச் சுவருக்கு முன்னால் நின்று.

அவள் அழவில்லை. அன்று இரவே சரிசெய்தாள்.
மறுநாளிலிருந்து கூட்டங்கள்
பத்தே நிமிடத்தில் முடிந்தன.
'வேற ஏதாவது?'
'ஒண்ணுமில்லக்கா.'
குழு பக்குவப்பட்டுவிட்டது என்று
சென்னைக்குப் போகும் மாத அறிக்கையில்
நானே எழுதினேன். தடித்த எழுத்தில்.

ஐப்பசி.
மூன்றாம் அறையில், பேட்டரி அடுக்குக்குப் பின்னால்
சுவரோடு சுவராக நீர் இறங்கியது.
திங்களன்று பார்த்தவன் சேவியர்.
செவ்வாயன்று உமையாள்.
புதனன்று யாரோ ஒரு வாளியை வைத்தார்கள்.
வியாழன் சாயங்காலம் புகை.

அணைத்து முடித்து
ஈரமும் கரியும் நாறும் அறையில் நின்று
ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று
கேட்க வாயெடுத்தேன்.
வாளி கண்ணில் பட்டது. பாதிதான் நிறைந்திருந்தது.
நடுவில் ஒருமுறை அதைக் கொட்டிவிட்டு
அதே இடத்தில், ஓசைப்படாமல்
மறுபடி வைத்திருக்கிறார்கள்.
அத்தனை அக்கறை.
அத்தனை பயம்.

பங்காளிகளை என்னவெல்லாம் ஏசியிருப்பேன்!
ஒழுகும் வீட்டை ஒழுகவிடப்
பதினேழு பேர் தேவைப்பட்டார்கள் அவர்களுக்கு.
இங்கே நான் ஒருத்தி போதுமாயிருந்தது.

சுவரை அழித்துவிடலாம் என்று ஆவுடையப்பனைக் கூப்பிட்டேன்.
எழுதத்தான் தொள்ளாயிரமாம்,
அழிக்க ஆயிரத்து இருநூறு.
இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
என் கணக்கைத் திறந்தேன்:
தேவகோட்டை மொத்த வியாபாரி ஒருவரிடம்
இன்னும் தொடங்கவே தொடங்காத வேலைக்கு
மூன்று லட்சம் முன்பணம் வாங்கி
நான்கு மாதமாக உங்களிடம் மறைத்திருக்கிறேன்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
'எந்தத் தேதி சொல்லியிருக்கீங்க?' என்றாள் பர்வீன்.
'தை ஒண்ணு.'
'முடியாது. அவர்கிட்ட சொல்லிருங்க.
இப்பவே. இங்கேயே.'
அக்கா என்ற சொல் அதில் இல்லை.

ஸ்பீக்கரில் போட்டேன்.
இம்முறை சலிக்காத வார்த்தைகள்,
பத்துப் பேர் கேட்க.
பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தாயிற்று.

போன் வைத்த பிறகு
சேவியர் மெதுவாக, 'அக்கா, இன்னொண்ணு இருக்கு' என்றான்.
உமையாளிடம் இரண்டு இருந்தன.
சாப்பாட்டுக்கூடை வந்து ஆறிப்போயிற்று.
மணி மூன்றே கால் வரை ஒருவரும் எழவில்லை.

என்னை மன்னித்துவிட்டதாகப்
பர்வீன் இதுவரை சொல்லவில்லை.
மற்றதையெல்லாம் சொல்கிறாள்.