கண்பட்ட எண்

கம்பத்தில் இரண்டு பேங்க், தேனியில் ஒன்று,
அப்புறம் ஒரு பைனான்ஸ்.
எல்லோரும் திரையைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்கள்.
‘சிபில் கம்மியா இருக்கே, ஒச்சுக்காளை’
என்றார் கடைசி மேனேஜர்.
எவ்வளவு சார்?
‘அதை நீங்களே பாத்துக்கலாமே’ என்றார்,
திரையைத் திருப்பாமல்.

என் எண்தான்.
என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிக்னல் பக்கத்து ஜெராக்ஸ் கடையில்
ஷமீமா என் பான் நம்பரைத் தட்டினாள்.
‘நான் பாத்தா இன்னும் கொறையுமாம்மா?’
‘நீங்க பாத்தா கொறையாதுண்ணே.
கடன் குடுக்கிறவன் பாத்தாத்தான்.’

அட, இது பூசணிக்காய்க் கணக்கு.
வண்டி வாங்கிய பிறகு உடைப்போம்.
எனக்கு வண்டி வருமுன்பே
கண் பட்டிருக்கிறது.

அறுநூற்றுப் பன்னிரண்டு.

கீழே கட்டம் கட்டமாக மாதங்கள்.
முட்டை இருந்தால் நல்ல பிள்ளையாம்.
ஏழாம் வகுப்பில் நான் வாங்கியதற்கெல்லாம்
இப்போது மரியாதை.
இரண்டே இரண்டு கட்டத்தில்
முப்பத்தொன்று, அறுபத்திரண்டு.
மெட்டு ரோட்டில் மண் சரிந்து
ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறாத
ஐப்பசி, கார்த்திகை.
மழைக்குக் கட்டம் போடவில்லை.
மார்கழியில் விருமாயி கம்மலைக் கழற்றிக்
கட்டி முடித்தோம்;
அதற்கும் ஒரு முட்டைதான்.

கடைசித் தாளில், பார்த்தவர்கள் பட்டியல்:
பதினைந்து நாளில் ஏழு பேர்.
நான் படியேறியது நாலு இடம்.
மற்ற மூன்று பேர் யாரென்று
ஷமீமாவும் விழித்தாள்.
பிரின்ட் முப்பது ரூபாய்.

மறுநாள் விடியுமுன் கம்பம்மெட்டு செக்போஸ்ட்.
பின்னால் பதினாறு பெண்கள், தூக்குவாளிகள், பனி.
ஆர்சி, இன்சூரன்ஸ், பர்மிட் என்று நீட்டியதில்
அந்தத் தாளும் போய்விட்டது.
மலையாளப் போலீஸ்காரர்
டார்ச்சைத் தாள் மேல் வைத்தவர்
எடுக்கவேயில்லை.
தலை எண்ணக்கூட மறந்துவிட்டார்.
பிறகு குனிந்து, மற்றவனுக்குக் கேட்காமல்,
‘இது நமுக்கும் காணாமோ?’

‘பாக்கலாம் சாரே.
நாமளே பாத்தா கொறையாதாம்.’

அவர் தாளை இன்னும் தரவில்லை.
‘யோவ் ஒச்சு, பேரடிச்சுருவாக, எடுய்யா வண்டிய!’
பின்னாலிருந்து தூக்குவாளியால்
தகரத்தைத் தட்டினாள் மொக்கத்தாயி.