மூன்றாவது கேள்வி

இயர்போனில் இடது பக்கம் மட்டும்தான் பேசும்.
வலது காதில் கூடல் நகர்.

அம்மா மில் விட்டு வந்து
செல்லைக் கையில் தரும்போது மணி ஒன்பது,
சார்ஜ் பதினாறு சதவீதம்.
அதற்குள் பேசி முடிக்க வேண்டும் மிஸ்டர் ஹார்ட்லி,
எந்த ஊர் ஸ்டேஷனுக்கோ போன் போட்டு
விவரம் கேட்கிற மனுசன்.

முதல் கேள்வி: எங்கே போகிறார்?
அத்தை வீட்டுக்கு.
இரண்டாவது: கூட வருவது யார்?
நாய். அதில் சந்தேகமே இல்லை,
நாய்க்கு டிக்கெட் உண்டா உண்டா என்று
எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறார்.
மூன்றாவது: வண்டி எத்தனை மணிக்கு?

'தி ட்ரெயின் லீவ்ஸ் அட்…'

சரியாக இங்கேதான் வரும்
சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ்.
ஜன்னல் கம்பி அதிரும்,
கழுவிக் கவிழ்த்த டம்ளர் தானாக நகரும்.
கடைசிப் பெட்டி வாலை இழுத்துக்கொண்டு போனதும்
'…செவன், சார்.'

பின்னால் தள்ளிப் போட்டால்
திண்டுக்கல் பக்கமிருந்து இன்னொன்று.
அதுவும் போகட்டும் என்று காத்திருந்தால்
செல் அணைந்துவிடும்.
ஏழு என்று எழுதிவைத்தேன்.
மூன்றைத் தாண்டி நான் போனதே இல்லை.

இத்தனைக்கும் என் காது மட்டமில்லை.
காலிப் பெட்டி வாயாடிக்கொண்டு போகும்.
சரக்கேறிய பெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு போகும்.
சிக்னல் கிடைக்காத வண்டி
வைகைப் பாலத்துக்கு ரொம்ப முன்னாலேயே
பெருமூச்சு விட்டுவிடும்.
போர்வைக்குள்ளிருந்தே சொல்வேன்.
இதையெல்லாம் எவர் கேட்கிறார்?

வாசிப்புக்கு ரஹ்மத் நிஷா வருவாள்,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக்காரி.
பாசேஜில் கலங்கரை விளக்கம், பனிப்புயல், முத்திரை குத்தாத கடிதம்.
கண்ணை வேகமாக ஓடவிடு என்கிறது கைடு.
எங்களுக்கு எழுத்தே ஓடுகிறது:
ஒவ்வொரு பெட்டியின் இடுப்பிலும்
வெள்ளைப் பெயிண்டில் ஒரு வரி.
முதல் பெட்டியில் அவளுக்குக் கிடைத்தது 'லூஸ்.'
'யாரையோ லூசுங்குதுடீ.'
ஆறாவதில் எனக்கு 'நாட்.'
அப்புறம் ஒரு தூண் மறைத்தது,
ஒருத்தர் சைக்கிளோடு குறுக்கே நின்றார்.
நல்லவேளை, ஐம்பத்தெட்டுப் பெட்டிக்கும் ஒரே வரிதான்,
மக்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோல
திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போயிற்று.
இருபதுக்கு மேல் முழுசாகச் சேர்ந்தது:
நாட் டு பி லூஸ் ஷண்டட்.

டிக்‌ஷனரியைப் புரட்டி, சண்டை போட்டு,
ஒருவழியாக அர்த்தம் பண்ணினோம்:
கொக்கி மாட்டாமல் முட்டித் தள்ளிவிடாதே.
நிஷா சொன்னாள்,
'நம்ம பிளஸ் டூ யூனிபாரம் முதுகுல
இத அச்சடிக்கணும்.'

பரீட்சை அன்றைக்கு
ஸ்மார்ட் ரூமில் ஜன்னலைச் சாத்தினார்கள்,
ஃபேனையும் நிறுத்தினார்கள்.
நாற்பது பேர் மூச்சுவிடும் சத்தம்.
ஸ்பீக்கரில் அதே ஹார்ட்லி, அதே நாய்.
'லீவ்ஸ் அட்' வந்ததும்
பழக்கதோஷம், தோளைக் குறுக்கிக்கொண்டேன்
கூட்ஸுக்காக.

வரவில்லை.

'டென் டு செவன், சார்.'

ஏழுக்குப் பத்து.
இத்தனை ராத்திரியும் அந்த மனுசனை
ஏழு மணிக்கு ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்,
வண்டி போய்ப் பத்து நிமிஷம் கழித்து,
பெட்டியும் நாயுமாக.
ஒரு கூட்ஸ் முழுசாக வந்து விழுங்கியது
இந்த இரண்டே இரண்டு சொல்லைத்தானா?

ஏழை அடித்தேன். திருத்தினேன்.
நிமிர்ந்தால்
ஹார்ட்லி நன்றி சொல்லிப் போனை வைக்கிறார்.
நான்காவது கேள்விக்கு எதிரே
வெறும் கோடு.

வெளியே வந்ததும் நிஷாதான் சொன்னாள்.

நாய்க்கு அரை டிக்கெட்டாம்.