முப்பத்தொன்றாம் பீப்பாய்க்கு அறுபத்திரண்டு

செவ்வாய்க்கிழமைகளில் நான் மிளகாய் தொடுவதில்லை.
உதட்டுச் சாயம் இல்லை. சோப்புகூட வாசமற்றது.
பதினோரு மணிக்கு மூக்கு நன்றாகப் பசித்திருக்கும்.

அரந்தாஸ் மேட்டின் செம்மண்
ஜன்னல் கம்பிவரை ஏறியிருக்க,
வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஆறு கோப்பைகள்.
எண் மட்டும்தான், பெயர் கிடையாது.
எதிரே எவெரார்தோ, ரசாயனம் படித்தவன்,
எதற்கும் ஒரு தசமப் புள்ளி வைத்திருப்பவன்.
நடுவில் துப்புவதற்குச் செப்பு வாளி.

முதல் கோப்பை பிளாங்கோ.
மரத்தின் முகமே பார்க்காதது.
பச்சை மிளகு, எலுமிச்சைத் தோல்,
மழை விழுந்த முதல் நிமிஷத்து மண்.
எல்லாவற்றுக்கும் அடியில்
செங்கல் அடுப்பில் ஒன்றரை நாள் வெந்த
நீலக் கற்றாழையின் இனிப்பு.
தொண்டையில் சுருக்கென்று ஏறி, சொன்ன சொல் தவறாமல் இறங்கியது.
எண்பத்தெட்டு.

இரண்டும் மூன்றும் ரெபொசாதோ.
ஒன்றில் வெண்ணெய்,
மற்றதில் கொஞ்சம் பிழியாத துணி.
இடையில் என் முழங்கை மடிப்பை முகர்ந்துகொண்டேன்.
வழி தவறிய மூக்கு
சொந்தத் தோலுக்குத்தான் திரும்ப வேண்டும்.

நான்கு.
ஆரஞ்சுத் தோலோடு காய்ச்சிய பாகின் நிறம்.
சுழற்றியதும் கண்ணாடியில் விழுந்த கோடுகளுக்கு
இறங்க அவசரமே இல்லை.
வனிலா. புகையிலை. வறுத்த பாதாம்.
மறுபடி வனிலா.
கற்றாழை எங்கே?
நாக்கின் ஓரங்களுக்கு அனுப்பினேன்,
கன்னத்தில் நிறுத்திக் கேட்டேன்.
ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து உலரவிட்டேன்;
அங்கும் மரத்தூள்தான்.
விருந்தாளியின் பெட்டிகள் வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன,
வீட்டுக்காரரைக் காணோம்.
முன்பு கென்டக்கி விஸ்கிக்கு உழைத்த பலகை
ஈறெல்லாம் துவர்ப்பாக ஒட்டியது.
துப்பினேன்.
‘மரம் மட்டுமே பேசுகிறது’ என்றெழுதி
அறுபத்திரண்டு போட்டேன்.

ஐந்தும் ஆறும் நினைவில்லை.
தாளில் எண்கள் இருக்கின்றன, நான்தான் போட்டிருப்பேன்.

எவெரார்தோ உறையைப் பிரித்தான்.
நான்காவது, முப்பத்தொன்றாம் பீப்பாய்.
நான்கு வருஷம், இரண்டு மாதம்.
இருநூறு லிட்டரில் அறுபதைக் காற்று குடித்திருக்கிறது.
பழைய கோப்பை இழுத்துப் பார்த்துச் சிரித்தவன்
சிரிப்பைப் பாதியில் மடித்து
தாளை என் பக்கம் தள்ளினான்.

பதினோராம் மாதச் சோதனை. தொண்ணூற்று மூன்று.
கீழே, சாய்ந்த எழுத்தில்:
‘இப்போதே அழகு. எடுக்க வேண்டாம்.
இன்னும் மூன்று வருஷம் விட்டுப் பார்க்கலாம்.’
கையெழுத்து என்னுடையது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று
பீப்பாய்க்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

‘இளசோடு கலந்துவிடலாம், யாருக்கும் தெரியாது’ என்றான்.
அந்த யாருக்கும் என்பதில்
எங்கள் இருவரையும் அவன் சேர்க்கவில்லை போலும்.
ஐந்து மணிக்குத் தாள்கள் குவாதலஹாராவுக்குப் போயின.

மறுநாள் கிறிஸ்பீனா வேலைக்கு வரவில்லை,
மகனுக்குப் பல்வலி.
கழுவாத ஆறு கோப்பைகளும்
தொட்டியருகே கவிழ்க்காமல் நின்றன.
சும்மாதான், வரிசையாக முகர்ந்துகொண்டு போனேன்.
முதலாவது வெறும் கண்ணாடி.
நான்காவதில்
சாராயம் போயிருந்தது, வனிலாவும் போயிருந்தது,
அடியில் காய்ந்த பழுப்பு வளையம்.
அங்கிருந்து,
அடுப்பின் கதவைத் திறந்தாற்போல்,
வெந்த கற்றாழை.
நார், சாறு, கருகிய ஓரம், எல்லாம்.
கூட்டம் கலைந்த பிறகு வந்து
தன் பெயரைச் சொல்கிறவர் மாதிரி.

எவெரார்தோவைக் கூப்பிட வாசல்வரை போனேன்.
முற்றத்தில் லாரிக்காரரோடு
காலிப் புட்டிகளின் கணக்கில் இருந்தான்.
திரும்பி வந்து இன்னொரு முறை முகர்ந்தேன்.
அதற்குள் கொஞ்சம் குறைந்திருந்தது.

மூன்றாம் முறை வேண்டாம் என்று
குழாயைத் திறந்து
நானே கழுவினேன்,
வெந்நீரில்.