நாற்பத்து மூன்றாவது படம்

நைரோபியில் மூன்றாவது மாடி.
ஜன்னல் திறக்காது.
கெருபோவின் திரையில் சாலைகள் வந்தபடி இருக்கின்றன,
ஒரு படத்துக்குப் பதினான்கு நொடி.

மனிதரைச் சுற்றிப் பச்சைப் பெட்டி.
வண்டியைச் சுற்றி நீலம்.
மற்றதெல்லாம் சாம்பல்: குப்பைத்தொட்டி, மரம்,
காற்றில் எழும்பிய ஒரு பாலிதீன் பை.
அவள் போடும் பெட்டிகளைத் தின்று தின்று
ஓட்டுநர் இல்லாத கார் ஒன்று
எங்கோ பார்க்கப் பழகுகிறது.

(பெட்டி என்ற சொல்லுக்கு
என் மொழியில் இன்னொரு பொருளும் உண்டு.
இப்போது வேண்டாம்.)

நாற்பத்து மூன்றாவது படம்
கிகோம்பா சந்தைப் பக்கம். அவளுக்குத் தெரிந்த மூலை,
பழைய ஷூக்களைக் குவித்து விற்கும் இடம்.
மழை விட்டிருக்கிறது.
மஞ்சள் கேன்கள் இருபது, தண்ணீர் ததும்ப,
இரண்டு சக்கரம், இரண்டு கால்.
தோள் எங்கே முடிகிறது, நுகத்தடி எங்கே தொடங்குகிறது,
படத்துக்கே தெரியவில்லை.

பச்சையா, நீலமா?

பச்சை போட்டால் கேன்கள் காற்றாகிவிடும்,
கார் அவர் முதுகை ஒட்டி, தண்ணீருக்குள் புகுந்து போகும்.
நீலம் போட்டால்
அவர் ஓர் உதிரி பாகம். நசுங்கினால் தகரம்.
இரண்டையும் போட்டுப் பார்த்தாள். திரை சிவந்தது:
ஒரு பொருளுக்கு ஒரு பெட்டி.

எனக்கும் இதே வம்புதான்.
பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒளிந்திருக்கலாம்,
வினைமுற்று வந்ததும் மாட்டிக்கொள்வேன்:
சாலையைக் கடக்கிறார்.
சாலையைக் கடக்கிறது.
உயர்திணைக்கும் அஃறிணைக்கும் நடுவில்
இலக்கணம் யாருக்கும் நடைபாதை போடவில்லை.
அவள் பேசும் சுவாஹிலியில்
ம்து என்றால் ஆள், கிது என்றால் பொருள்.
ஓரெழுத்துத் தூரம்.

மேற்பார்வையாளர் ஒகும்பாவுக்குத் தட்டச்சு செய்தாள்.
பதில் வந்தது: பக்கம் முப்பத்தொன்று.
சக்கரம் இருந்தால் வண்டி.

அப்படியானால் சக்கர நாற்காலி?

அது பச்சை. பக்கம் முப்பத்திரண்டு.

அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால்
ஏதோ நாட்டில் யாரோ ஒருவர்
படியேறிப் படியேறி வழக்கில் ஜெயித்திருக்க வேண்டும்.
கேன் இழுப்பவருக்கு இன்னும் பக்கம் வரவில்லை.

நொடி தீர்ந்து கூலியில் ஒரு ஷில்லிங் போனது.
அவள் பச்சையை எடுத்தாள்,
கால்விரலில் தொடங்கிக் கடைசிக் கேன்வரை இழுத்தாள்.
தண்ணீரும் அவர், சக்கரமும் அவர், சேறும் கொஞ்சம் அவர்.

சரிபார்க்கும் நிரல் திருப்பி அனுப்பியது:
பிழை. மனிதர் இவ்வளவு அகலம் இல்லை.

மூன்று பிழை சேர்ந்தால் வாரக் கூலியில் கால்வாசி.
வாடகை ஐந்தாம் தேதி.

நாற்பத்து நான்கு.
அதே சாலை, அதே மழைத்தண்ணீர்,
அதே மனிதர் அரையடி முன்னால்.
காணொளியை நறுக்கித்தான் அனுப்புகிறார்கள்.
அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர
இன்னும் இருநூறு படமாவது ஆகும்.

சுட்டியைக் கடைசிக் கேனின் விளிம்பில் வைக்கிறாள்.
பதின்மூன்று.
பன்னிரண்டு.