ஒன்றரை மணிக்கு மேல்

கடைசி வண்டி பீஷான் பணிமனைக்குள் வந்து படுத்தபின்
மூன்றாவது தண்டவாளத்தில் கரண்டை நிறுத்துவார்கள்.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண்குரல்
இரண்டு முறை சொல்லும்.
நான் இரண்டு முறை திருப்பிச் சொல்வேன்.
அதற்குப் பிறகுதான்
ஏழாம் எண்ணைக் கிளப்பலாம்.

மூன்று இருமல். நான்காவதில் பிடித்துக்கொள்ளும்.
டிசம்பர் மழையென்றால் ஐந்து.
முதல் புகை கறுப்பாக வரும்போது
மேற்பார்வையாளர் பூன் லியோங்
அவசரமாகத் தன் கைப்பேசியைப் பார்ப்பார்.

பெயிண்ட் உரிந்த இடத்தில் அதன் வயதை எண்ணலாம்:
மஞ்சள், ஆரஞ்சு, திரும்பவும் மஞ்சள்,
அடியில் ஏதோவொரு கம்பெனியின் பெயரில்
கடைசி மூன்று எழுத்து.

வேலை என்ன பெரிய வேலை.
செத்த பெட்டியைச் சக்கரம் கடையும் கொட்டகைக்குத் தள்ளு,
கடைந்ததை நான்காம் பாதைக்கு இழு.
ரோஸ்டான் கீழே நின்று விளக்கை ஆட்டுவான்,
வா, இன்னும் வா, அரைப்பெட்டி, ஒரு முழம்,
பச்சை சிவப்பாகும் நொடியில்
கொக்கி கொக்கியைக் கவ்வும்.
சரியாக விழுந்தால்
கைப்பிடியில் தொங்கும் கோப்பி ஓ பொட்டலம் ஆடாது.
ஆடினால்
விடியும்வரை அவன் என்னோடு பேசமாட்டான்.

வாரத்தில் நான்கு இரவு வெளியே போவோம்.
பின்னால் கான்கிரீட் சிலிப்பர்கள்,
அதற்கும் பின்னால் ஆள்பெட்டியில்
அறந்தாங்கிப் பையன்கள், சில்ஹெட் பையன்கள்.
ஊரில் மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை
என்று யாராவது ஒருவன்
தாழ்ந்த குரலில் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பான்.
மணிக்கு இருபது கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட
அதற்கும் ஆசையில்லை, எங்களுக்கும்.

ஆங் மோ கியோவில் பாலம்
நாலாம் மாடியோடு சரிசமமாய்ப் போகும்.
ஜன்னல்களில் காயும் சட்டைகள்,
மீன்தொட்டியின் நீல வெளிச்சம்,
இரண்டு மணிக்கும் இஸ்திரி போடும் ஓர் ஆள்.
பிறகு என் வீடு.

போன வருஷம் நகர மன்றம் வழியாக ஒரு மனு வந்தது.
'நள்ளிரவில் தாங்க முடியாத இரைச்சல்.'
முப்பத்தெட்டுக் கையெழுத்து.
பதினொன்றாவது தமிழில்:
செண்பகவல்லி.

நான்தான் ஓட்டுறேன்னு தெரியாதா, என்றேன்.
தெரியும், என்றாள்.
நீங்க ஓட்டினா சத்தம் சங்கீதமாயிடுமா?
நாலரைக்கு எழுந்திருக்கிறவ நான்.
சட்டையைத் தனியாக ஊறப்போட்டாள்;
டீசல் வாடை மற்ற துணிக்கு ஒட்டுமாம்.

அதிலிருந்து அந்த புளோக் வந்தால்
விசையை முதல் படிக்கு இறக்குவேன்.
பிரயோசனமில்லை.
ஏழாம் எண்ணுக்குக் குசுகுசுக்கத் தெரியாது,
தொண்டை மட்டும்தான் இறங்கும்,
ஜன்னல் கண்ணாடிகள் அப்படியேதான் நடுங்கும்.

பிப்ரவரியில் ஒரு விடியல், ஐந்து ஐம்பது.
தெற்கே போன வண்டி ஆங் மோ கியோவைத் தாண்டி
கரண்டில்லாமல் நின்றுவிட்டது.
உள்ளே எண்ணூறு பேர், வியர்வை, குழந்தை அழுகை.
ஷிப்ட் முடிந்து கையெழுத்துப் போடப் போனவர்களைத்
திருப்பி அனுப்பினார்கள்.
ரோஸ்டான் விளக்கைக்கூடத் தூக்கவில்லை,
வெறுங்கையால் கூப்பிட்டான்.
கவ்வியது. காற்றுக் குழாய் சீறி அடங்கியது.
வந்த வழியே
மெல்ல, மெல்ல, பிளாட்பாரத்துக்குத் தள்ளினோம்.

கதவுகள் திறந்தன. கூட்டம் கொட்டியது.
பாதிப்பேர் எஞ்சினைப் படம் பிடித்தார்கள்.
சாப்பாட்டுப் பையோடு ஒருத்தி
அரைக்கதவுக்கு மேலாக எட்டி
என்னை விட்டுவிட்டு
அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்,
சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி.

சாயங்காலம் கேட்டாள்:
இவ்ளோ சின்னதா இருக்கு.
இதுவா அத்தனை சத்தம் போடுது?

மனுவை யாரும் திரும்ப வாங்கவில்லை.
நாளைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க, என்றாள்.
இரண்டு பத்து, என்றேன்.

இரண்டு பத்துக்கு
நாலாம் மாடியில் சமையலறை விளக்கு எரிந்தது.
தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள்.
ஹாரன் அடிக்கக் கூடாது, அடிக்கவில்லை.
பொட்டலம் கொஞ்சம் ஆடியது.
ரோஸ்டான் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கோப்பியை எடுத்து
ஒரு வாய் குடித்துவிட்டுத் தந்தான்.