சாக்குக் கழிவு

தட்டு வரைக்கும் வருகிறது.
மூக்கை வைத்து, மூச்சை இழுத்து,
எதற்கு வந்தோமென்று மறந்தது போல நின்று,
திரும்பிப் போய்
அடுப்படிச் சாம்பலோரம் சுருண்டுகொள்கிறது.

பசியில்லாத பூனை அல்ல.
பசித்துப் பயந்த பூனை.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள்.
நெத்தலித் தலையைக் கடித்த மாத்திரத்தில்
அலறித் தலையை உதறி,
மீன்தான் தன்னைக் கடித்ததென்று
தட்டைப் பார்த்துச் சீறியபோதுதான்
டோர்ச் அடித்து வாயைப் பார்த்தேன்.
புஷ்பகாந்தி பிடரியைப் பிடித்தாள்.
பல்லோரமெல்லாம் சிவந்து பொங்கி,
மழையில் சரிந்த மண்மேடு.
நாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

பெயர் ரோதை.
பதிமூன்று வருஷத்துக்கு முன் ஸ்டோரில் பிறந்தது,
கொழுந்தரைக்கும் ரோதைக்குப் பின்னால்.
மடியில் ஏறினால் அதே உறுமல்,
தொடை எலும்பு வரைக்கும் அதே அதிர்வு.
இப்போது இரண்டு வாரமாய்
மெஷின் நிறுத்தம்.

"பனடோல் கால்வாசி கரைச்சிக் குடு"
லயத்தில் மூன்று பேர் சொன்னார்கள்.
பொட்டலத்தைத் தேடினேன்; காலி அட்டைதான் இருந்தது.
மறுநாள் ஹட்டனில்
மிருக வைத்தியர் தில்ருக்ஷி மிஸ்
என் சிங்களத்தைவிட நல்ல தமிழில் சொன்னார்:
"பனடோல் பூனைக்கு நஞ்சு. ஒரு துண்டு போதும், செத்துப் போகும்."
திரும்பும் பஸ்ஸில்
கோயில் வந்தபோது கும்பிட்டேன்,
அந்தக் காலி அட்டைக்காக.

ஆடிய பல் இரண்டைப் பிடுங்கினார்.
ஓர் ஊசி, ஒரு சின்னப் போத்தல் மருந்து.
எனக்கு ஒரு நாள் பேர் போனது.
கூடையை மூடும்போது என் கன்னத்தைப் பார்த்தார்.
"நீங்க பல் காட்டினதா?"
மூன்று மாதமாய்க் கிராம்பை அடக்கி
இடப்பக்கமாய் மெல்கிறவள் நான்.
"அது பொறகு, மிஸ்."
கம்பி இடுக்கால்
ரோதை என்னையே பார்த்தது.

உப்பில்லாமல் அவித்த மீன்.
வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது.
கொழுந்தையும் முற்றலையும்
பார்க்காமலே பிரிக்கிற விரல்
முள்ளைப் பிரிக்கிறது.
அவித்த தண்ணீரை விட்டுக் கூழாய் மசித்து
வெந்நீர்ச் சட்டியில் கிண்ணத்தை மிதக்க விடுவேன்.
இந்தக் குளிரில் ஆறிய மீனுக்கு வாசமில்லை,
வாசமில்லாவிட்டால் அது வாயைத் திறக்காது.
மணிக்கட்டில் ஒரு சொட்டு. இதமான சூடு.
பிறகு விரல் நுனியில் எடுத்து
உதட்டோரம், சும்மா, தடவுவது.
முதல் நாள் முகத்தைத் திருப்பியது.
இரண்டாம் நாள் என் பாவாடையில் துடைத்தது.
மூன்றாம் நாள்
அரம் போல் ஒரு நாக்கு,
ஒரே ஒருதரம்.

நிறுவைக்குத் தூக்கிப் போனேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
கொழுந்துச் சாக்கில் கழுத்து வரை வைத்துத் தொங்கவிட்டோம்.
இரண்டு கிலோ எழுநூறு.
போன கிழமையைவிட நூறு கூட.
"ரெண்டு கிலோ சாக்குக் கழிவு" என்றேன்,
"மிச்சம் எழுநூறு கிராம். எழுதுங்க ஐயா."
தினமும் எங்களிடம் கழிக்கிற சவரிமுத்து
பேனாவை மூடினார்.
"பூனைக்குக் கழிக்கிறதில்ல" என்றார்,
எங்கள் யாரையும் பார்க்காமல்.
அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ராத்திரி
ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டு நான்.
கிண்ணத்துக் கூழோடு அது.
இரண்டு பேரும் மெல்லவில்லை.
பாதியை வைத்துவிட்டு வந்து
மடியில் ஏறி ஒருதரம் உறுமியது,
பெல்ட் நழுவியது போல நின்றது.
சரி, இருக்கட்டும்.
நாளைக்கு ஞாயிறு.
காலையில் மீன்காரனின் ஹோன் கேட்கும்.